பாதிப் பார்வைக்கு மூன்று திரை

மார்ச் 3, செவ்வாய்

மேலாளர் இன்று என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஒரு தம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதர் எனக்குத் தண்ணீர் கொடுத்ததில்லை. அப்போதே விளங்கிவிட்டது.

"பதிவேட்டுப் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கும்மா. அதே சம்பளம். டென்ஷன் இல்ல. உங்க உடம்புக்கு அதுதான் நல்லது."

என் உடம்பைப் பற்றி எல்லோருக்கும் என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

நடந்ததை மறைக்கவில்லை. டிசம்பரில் மூளையில் ஒரு சின்ன அடைப்பு. கை, கால், பேச்சு எல்லாம் ஒரே வாரத்தில் திரும்பிவிட்டன. பார்வையின் வலப்பாதி மட்டும் திரும்பவில்லை. இரண்டு கண்ணிலும். போன வாரம் வேலைக்குப் போனேன். இரண்டாம் நாளே, சமையல் எண்ணெய் முன்பேரச் சந்தையில் நானூறு லாட் விற்க வேண்டிய இடத்தில் நாற்பது விற்றேன். கடைசிச் சுழியம் என் கண்ணில் படவே இல்லை. மதியத்துக்குள் விலை சரிந்து, விற்காமல் விட்ட முந்நூற்று அறுபதும் நட்டத்தில் நின்றது. என் தவறு. ஒப்புக்கொண்டேன்.

அதற்காக மிச்ச வாழ்க்கைக்கும் ரசீது அடுக்கவா?

"வாங்கி விக்கிற டெஸ்க்குக்குத்தான் வருவேன் சார்" என்றேன்.

"திரும்ப அப்படி நடந்தா?"

"நடக்காம இருக்க வழி பண்ணிட்டு வரேன். மே நாலாந்தேதி வரைக்கும் லீவு இருக்கு."

தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

மார்ச் 4, புதன்

மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கு விஷயம் போய்விட்டது. படியிறங்கி வந்து, "உக்காந்த இடத்துல சம்பளம் தரேன்னா கசக்குதா உனக்கு?" என்றார்.

கசக்குது. ஆமா.

மார்ச் 7, சனி

கண் பயிற்சி தரும் பெண்ணிடம் நேராகவே கேட்டேன், அந்தப் பாதி திரும்புமா என்று. "இவ்வளவு நாளைக்கு அப்புறம் பெருசா எதிர்பார்க்க முடியாதுங்க. ஆனா கண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோகப் பழக்கலாம்" என்றார். பொய் சொல்லாத ஆள். பிடித்திருக்கிறது.

எதைப் பார்த்தாலும் முதலில் அதன் வலது ஓரத்துக்குப் போ, பிறகு இடப்பக்கம் வா. இதுதான் பயிற்சி. நாற்பத்தாறு வயதில் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன்.

இந்தத் தொழிலில் உள்ள கொடுமை என்னவென்றால், விலை வரைபடம் இடமிருந்து வலமாக வளரும். நேற்றைய விலை இடப்பக்கம், இந்த நிமிடத்து விலை வலது ஓரத்தில். எனக்கு நேற்று எல்லாம் அருமையாகத் தெரிகிறது.

மார்ச் 11, புதன்

மானிட்டர் கடைக்குப் போனேன். தனியாக. வழியில் ஒரு தபால் பெட்டியை வலது தோளால் இடித்தேன். "சாரி" என்று அதனிடம் சொன்னேன் வேறு.

கடைக்காரம்மா நல்ல வாயாடி. ட்ரேடிங் என்றதும் ஆறு திரை மாட்டிய ஒரு சட்டத்துக்கு முன்னால் உட்கார வைத்தார். மேலே மூன்று, கீழே மூன்று. அலுவலகத்தில் இருப்பதைப் போலவே. "உங்க தொழில்காரங்க எல்லாரும் இதைத்தான் எடுக்குறாங்க."

"இதுல நாலுதான் எனக்குத் தெரியுது. அதுலயும் நடு ரெண்டு பாதி."

"மிச்சம் கறுப்பா தெரியுதா?"

எல்லோரும் கேட்பதுதான். "உங்க முதுகுக்குப் பின்னால என்ன கலர் தெரியுது?" என்றேன்.

திரும்பிப் பார்க்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். "ஒண்ணுமே தெரியல. இருக்குறதே தெரியல."

"அதேதான்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இன்னிக்கு நீங்க எதுவும் வாங்காதீங்க. வீட்டுல இருக்கறதை மாத்தி மாத்தி வச்சுப் பாத்துட்டு வாங்க" என்றார். வியாபாரத்தில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அம்மா தேறமாட்டார். திரும்ப அவரிடம்தான் போவேன்.

மார்ச் 14, சனி

சண்டை.

என் கணவர் எனக்குத் தெரியாமல் ஒரு திரை வாங்கி வந்து மேசையில் ஏற்றிவைத்திருந்தார். நாற்பத்தொன்பது அங்குலம், வளைந்தது, மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. கண்ணைக் கொஞ்சம் திறந்து பார் என்கிற மாதிரி முகத்தில் அத்தனை சந்தோஷம். "இவ்ளோ பெருசுன்னா கண்டிப்பா தெரியும்ல?"

நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். பாதித் திரை இல்லை. எத்தனை பெரிதாக வாங்குகிறோமோ அத்தனை பெரிய பாதி காணாமல் போகும். இது கூடவா அவருக்குத் தோன்றவில்லை? கடை கடையாய்ப் போய் தராசு சரிபார்க்கும் உத்தியோகம். ஒரு கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். மூன்று மாதமாகப் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு எது குறைகிறது என்று தெரியவில்லை.

அப்படியே சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"உனக்கு உதவி பண்ணணும்னு நெனச்சேன்" என்றார்.

"உதவி வேணாம். கேட்டுட்டு பண்ணுங்க, போதும்."

பெட்டியில் திரும்பப் போட்டு ஒட்டினார். ஒட்டும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கென்ன. என்னைக் கேட்டா வாங்கினாரு? அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, "சரி, எப்படித் தெரியுதுன்னு சொல்லு. நான் வரையறேன்" என்றார். தாள், பென்சில், அடிக்கோல். இரண்டு மணி நேரம். அவர் விரலை நகர்த்த நகர்த்த, எந்த இடத்தில் மறைகிறது என்று நான் சொன்னேன். புள்ளி வைத்துக்கொண்டே போனார். கடைசியில் தாளைப் பார்த்தால் நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு.

கோட்டின் மேல் விரலை ஏற்றி இறக்கினார். "மேலயும் கீழயும் உனக்கு முழுசா இருக்கு" என்றார் பிறகு.

மார்ச் 17, செவ்வாய்

வீட்டில் இருக்கும் இரண்டு பழைய திரைகளையும் மேசையின் இடது கோடிக்கு நகர்த்திவிட்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். சுத்த முட்டாள்தனம். திரை எங்கே இருக்கிறது என்பதில் ஒன்றுமில்லை. என் கண் எங்கே நிற்கிறதோ, அதற்கு வலப்பக்கம் இல்லை. இடது கோடியில் வைத்தால் கழுத்துதான் பிடித்துக்கொள்கிறது.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

மார்ச் 19, வியாழன்

மளிகைக் கடை ரசீது. முழ நீளம், மூன்று விரல் அகலம். கடையில் நின்றுகொண்டே மேலிருந்து கீழ் வரை படித்து, சோப்பை இரண்டு முறை போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். பாதியில்தான் உறைத்தது, நான் தடுமாறாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வரியும் விடவில்லை, ஓர் எண்ணும் விடவில்லை.

அகலம்தான் எனக்கு எதிரி. உயரத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை சொன்னது இன்றைக்குத்தான் மண்டையில் ஏறியிருக்கிறது.

சோப்புக் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

மார்ச் 21, சனி

மீண்டும் கடை. இந்த முறை அவரும் வந்தார். கடைக்காரம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய் மூன்று திரைகளைத் தூக்கி வந்தார். இருபத்து நான்கு அங்குலம். ஓரச் சட்டம் மெலிசு. பளபளப்பில்லாத முகம். ஜன்னல் வெளிச்சம் அதில் விழாது. முதுகில் திருகாணி போட நான்கு துளை. "இந்தத் துளை இல்லாததை யாரு வித்தாலும் வாங்காதீங்க, கம்பத்துல மாட்ட முடியாது" என்றார்.

ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு. அவற்றுக்கு இடப்பக்கம், நெட்டுக்குத்தாகத் திருப்பி நிறுத்திய ஒன்று. அவ்வளவுதான். மற்றவர்களுக்கு ஆறு, எனக்கு மூன்று.

"மூணு போதுமா?" என்றார் என் கணவர்.

"எல்லாத்தையும் பாக்குறவனுக்குத்தான் ஆறு வேணும். எனக்கு வேண்டியதை மட்டும் பாத்தா போதும்." சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. உள்ளே அவ்வளவு உறுதி இல்லை. பார்ப்போம்.

மார்ச் 22, ஞாயிறு

திரைகளை மாட்டும் இரும்புக் கம்பத்தை மேசை விளிம்பில் கவ்வவைத்து முறுக்கினோம். முறுக்கினோம். டப் என்று மேசை உடைந்தது. அமுக்கிய மரத்தூள் பலகை, பிஸ்கட் மாதிரி பிய்ந்துவிட்டது. நல்லவேளை, திரை இன்னும் ஏற்றவில்லை.

சத்தம் கேட்டு நாத்தனார் வந்து, உடைந்த மேசையையும் கம்பத்தையும் எங்களையும் வரிசையாகப் பார்த்தார். "கண்ணுல பாதி இல்லாதவளுக்கு மூணு டிவி. அதுக்கு ஒரு கொடிக்கம்பம். நல்லா இருக்கு குடும்பம்."

என் கணவர் சிரித்துவிட்டார். நானும்.

மார்ச் 28, சனி

பழைய கதவு ஒன்று மேசையாகிவிட்டது. அவர் எங்கோ இடித்த கட்டடத்திலிருந்து வாங்கிவந்து இழைத்துப் போட்டார். யானை ஏறி நின்றாலும் அசையாது. பூட்டு இருந்த துளை வழியாகக் கேபிள்கள் இறங்குகின்றன. ரசமட்டத்தை ஒவ்வொரு திரையின் தலையிலும் வைத்து, குமிழி நடுவில் வரும்வரை விடவில்லை மனுஷன். மேல் திரையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்திருக்கிறோம். கண்ணை மட்டும் உயர்த்தினால் போதும், கழுத்து வேண்டாம்.

மூன்றாவது திரை உயிர் பெறவில்லை. என் கணினியில் இரண்டு திரைக்குத்தான் கேபிள் செருகும் வாய் இருக்கிறதாம். கடைக்காரம்மாவிடம் போனில் புலம்பினேன். திங்கள்கிழமை நான்கு வாய் உள்ள கார்டு ஒன்று வரும்.

ஏப்ரல் 2, வியாழன்

மூன்றும் எரிகின்றன.

ஏப்ரல் 6, திங்கள்

திரையை மாட்டுவது பாதி வேலைதான். ஒவ்வொன்றிலும் எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் நான்கு நாள் போனது. வரைபடத்தின் வலது பாதியை வெறுமையாக விட்டேன். இப்போது இந்த நிமிடத்து விலை திரையின் நடுவில் நிற்கிறது. விலைக் கோட்டின் எண்களை இடப்பக்கம் மாற்றினேன். ஆர்டர் அனுப்பும் முன் கேட்கும் சிறு பெட்டியை மேல் இடது மூலைக்குக் கொண்டுவந்து, எண்ணிக்கையை எழுத்திலும் காட்டச் செய்தேன். 400 என்று போட்டால் 'நானூறு' என்று கீழே வரும். சுழியத்தை விழுங்கலாம், 'நானூறு' என்ற சொல்லை விழுங்க முடியாது.

ஏப்ரல் 8, புதன்

நாத்தனார் பரீட்சை வைக்கிறார். நிஜமாகத்தான். பள்ளிக்கூடங்களில் தேர்வுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுது போகவில்லை போலிருக்கிறது, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொல்ற நம்பரைப் போடு. தப்பா போட்டா கோடு கிழிப்பேன்."

பயிற்சிக் கணக்கில், பொய்ப் பணத்தில், ஐம்பது ஆர்டர். பதினொரு கோடு கிழித்தார்.

என் கணவர் பக்கத்தில் இருந்திருந்தால் 'பரவாயில்ல, முதல் நாள்தானே' என்றிருப்பார். நாத்தனார், "பதினொண்ணு. ஃபெயில்" என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

ஏப்ரல் 13, திங்கள்

ஏழு. நான் வாய்விட்டுப் படிப்பதில்லை என்று திட்டு.

ஏப்ரல் 20, திங்கள்

இரண்டு. இரண்டுமே கீழ்த் திரையில். அதில் இருந்த பெட்டியின் அகலத்தை இரண்டு விரல் குறைத்தோம்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஐம்பதுக்கு ஐம்பது.

"காப்பி அடிச்சியா?" என்றார் நாத்தனார்.

மே 4, திங்கள்

கம்பத்தையும் மூன்று திரைகளையும் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலுவலகம் போனேன். அவர் விடுப்பு எடுத்து வந்தார்.

வாசலிலேயே கணினிப் பிரிவு ஆள் தடுத்தார். எல்லா டெஸ்க்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம், வெளிப்பொருள் கூடாதாம். மேலாளர் வந்தார். சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் டெஸ்க்குல உக்காரக் கூடாதுங்கறதுக்குக் காரணம் இந்தக் கம்பம்தான்னு எழுதிக் கொடுங்க சார். கையெழுத்தோட. நான் பதிவேட்டுக்குப் போயிடறேன்."

கம்பத்தை விடாமல் பிடித்திருந்தேன்.

மேலாளர் கம்பத்தைத் தட்டிப் பார்த்தார். "ரெண்டு வாரம். மூலை டெஸ்க். ஒவ்வொரு ஆர்டரையும் இவர் பாத்த பிறகுதான் போகணும்" என்று பக்கத்தில் நின்ற 'அவசரம்' பக்கம் கை காட்டினார்.

அவசரம் என்பது அவன் பட்டப்பெயர். என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவன். லிஃப்ட் பொத்தானைக்கூட நான்கு தடவை அமுக்குவான்.

மே 8, வெள்ளி

ஐந்து நாள். ஒரு தவறு. அனுப்பும் முன் நானே பிடித்தேன், நானே அவசரத்திடம் சொன்னேன், அவன் எழுதிக்கொண்டான். மறைத்திருக்கலாம். மறைத்தால் அப்புறம் என்ன மயிருக்கு இவ்வளவு பாடு.

மே 13, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

பதினொன்றே காலுக்கு எங்கள் தளத்தில் மின்சாரம் போனது. ஏதோ கருகிய நாற்றம். எல்லோரையும் இரண்டாம் மாடி மாற்று அறைக்கு ஓடச் சொன்னார்கள். சந்தை நமக்காக நிற்காது. அங்கே இருப்பது பழைய வரிசை, ஆளுக்கு ஆறு திரை, அகலமாக, ஆணியடித்த மாதிரி. என் கம்பம் மேலே இருட்டில்.

என் கையில் எண்ணெய் விற்பனை பாதியில் இருந்தது. அவசரம், "மேடம், உங்களோடதை நான் முடிச்சிடவா?" என்றான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மேலாளர் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வேணாம்" என்றேன்.

ஆறில் நான்கை அணைத்தேன். நடுவில் இருந்த மேல், கீழ் இரண்டு மட்டும் மிச்சம். ஆர்டர் பலகையைக் கைக்குட்டை அகலத்துக்குச் சுருக்கி இடப்பக்கம் தள்ளினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். பிறகு ஒவ்வொரு ஆர்டரையும் அனுப்பும் முன் சத்தமாகப் படித்தேன். வீட்டில் படிப்பது போலவே. அவசரம் கேட்டு 'ம்' என்ற பிறகே அனுப்பினேன். "எண்ணெய், ஜூலை, விற்பனை, நூற்றிருபது." பக்கத்தில் ஒருவர் எரிச்சலோடு உச்சுக் கொட்டினார். கொட்டட்டும்.

ஒரே ஓர் இடத்தில் சந்தேகம் வந்தது. அந்தத் திரையில் எண்ணை எழுத்தால் காட்டும் என் வசதி இல்லை. எண் ஆடியது. தெரிந்த மாதிரி நடித்து அனுப்பியிருக்கலாம், சரியாகவே இருந்திருக்கும். ஆனால் நிச்சயமில்லை. மொத்த அறைக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"நாற்பதா, நானூறா?"

சில தலைகள் என் பக்கம் திரும்பின. முகம் சுட்டது. எல்லோருக்கும் நினைவு இருந்திருக்கும்.

"நானூறு" என்றான் அவசரம். அனுப்பினேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு மேலே மின்சாரம் வந்தது. என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவசரம் ஓட்டத்தில் ஒரு ஆர்டரை இரண்டு தடவை அனுப்பியிருந்தான். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. கொஞ்சம் பட்டேன்.

மேலாளர் எங்கள் ஆர்டர் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார்.

மே 18, திங்கள்

இரண்டு வாரம் முடிந்தது. மேசையில் ஒரு கடிதம். பழைய அளவில் பாதி வரை நானே வாங்கி விற்கலாம். இன்னொருவர் பார்க்கத் தேவையில்லை.

பாதிதானா என்று கேட்டு ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன். நாளை கொடுப்பேன்.

ஜூன் 17, புதன்

இன்று நன்றாகத் திட்டு வாங்கினேன்.

சோயா எண்ணெய் வாங்கி வைத்திருந்தேன். நேற்றே லாபத்தில் வெளியே வந்திருக்க வேண்டும். இன்னும் ஏறும் என்று உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது, விலை திரும்பியதும் தெரிந்தது. மனசுதான் ஒப்பவில்லை. மத்தியானத்துக்குள் லாபம் போய் நட்டம்.

மேலாளர் அறையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "என்னம்மா பண்ணிட்டிருக்கீங்க? இருபது வருஷ அனுபவம்னு சொல்லிக்கறீங்க, நேத்து வந்தவங்ககூட வித்திருப்பாங்க. பேராசைக்கு ஒரு அளவு வேணாமா?" எல்லோர் முன்னாலும். அவசரம் தலையைக் குனிந்துகொண்டான்.

டிசம்பருக்குப் பிறகு இந்த அலுவலகத்தில் என்னிடம் யாரும் குரலை உயர்த்தியதில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்களைப் போலவே பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதர் இன்று கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. பத்து நிமிடம் நின்று, எனக்கு அறிவிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

விற்றுவிட்டு வெளியே வந்தேன். நட்டம் என் பெயரில் ஏறியிருக்கிறது.

பஸ் நிறுத்தத்தில் என் கணவர் காத்திருந்தார். "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"செம திட்டு."

"எதுக்கு?"

"பேராசைக்கு."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "அப்புறம் ஏன் சிரிக்கிற?" என்றார்.

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டோம்.